கவலை என்று எழுதிய உறை

மதுரை திருநகரில் காலை நடைக்கு வருகிற எங்களில் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் நடந்து முடித்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்.

"பேப்பரெல்லாம் இன்னும் எம்புட்டு நாளைக்குண்ணே?"

கேட்பவர் நகருக்குள் சேலைக்கடை வைத்திருந்து, கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். நானும் அப்போதுதான் யோசிப்பவனைப் போலக் கொஞ்சம் நிறுத்தி, எப்போதும் சொல்லும் பதிலையே சொல்வேன். அச்சில் ஒரு செய்தி வருவதற்கு முன்னால் நான்கு பேர் அதைப் படிப்பார்கள். நிருபர் எழுதியதை ஒருவர் வெட்டுவார், வெட்டியதை ஒருவர் சந்தேகப்படுவார். இணையத்தில் அந்த வடிகட்டி இல்லை. இதையே கொஞ்சம் நீட்டி இரண்டு கல்லூரிகளிலும் ஒரு நூலக விழாவிலும் பேசியிருக்கிறேன். மூன்று பொன்னாடைகள் கிடைத்தன. போர்த்தியவர்கள் யாரும் அந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்ததில்லை.

பார்த்திருந்தால் அதற்குள் நான் அடைத்துக்கொண்டு கிடப்பது தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சுற்றிய மிகப் பெரிய பொய்யை எந்தக் கைபேசிக்காரனும் செய்யவில்லை. நான் செய்தேன். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆபீஸ் ஜீப்பில் போய்ச் செய்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஆபீஸில் படங்களை வைக்க ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்குள் பழுப்பு உறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொல் எழுதியிருக்கும்: மழை, கூட்டம், பள்ளம் விழுந்த சாலை, மகிழ்ச்சி, கவலை. மகிழ்ச்சி உறை மெலிந்துபோய் இருக்கும். தேர்வு முடிவு வரும் நாளில் மாணவிகள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டும் படங்கள் மட்டும்தான் அதில். கவலை உறை நூல் கட்டிக் கட்டியும் வாய் மூடாது.

மழை பொய்த்த ஒரு வருடம். ஆசிரியர் காலையில் வந்ததும், "வறட்சிக்கு ஒரு மூஞ்சி வேணும்" என்றார். எங்கள் புகைப்படக்காரரும் நானும் செக்கானூரணி தாண்டி மேற்கே போனோம். வெடித்த வயல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. மூஞ்சிதான் கிடைக்கவில்லை. டீக்கடையில் இருந்த விவசாயிகள் எல்லாம் யாரோ ஒருவருடைய மாமனாரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வயலைப் பற்றிக் கேட்டால் ஒரு நிமிடம் முகம் வாடும். கேமராவைத் தூக்குவதற்குள் மறுபடி அந்த மாமனார் வந்துவிடுவார்.

"இவய்ங்க மூஞ்சியப் போட்டா நிவாரணம் குடுக்குறவன் இவய்ங்ககிட்டக் கைமாத்து கேப்பான்" என்றார் புகைப்படக்காரர்.

அந்த நேரம் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். பின்னால் காலிப் பூக்கூடைகள். மதுரையில் மல்லிகையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது. மற்றவர்கள் தோட்டம் காய்ந்ததில் பூ விலை ஏறியிருந்தது. சுற்று வட்டாரத்தில் அந்த வறட்சியால் நன்மை அடைந்த ஒரே விவசாயி அவராகத்தான் இருக்கும். ஆனால் ஒடுங்கிய கன்னமும் பெரிய கண்களும் எங்களுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தன. புகைப்படக்காரர் என் தொடையைக் கிள்ளினார்.

சட்டையைக் கழற்றச் சொன்னோம். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். யாருடையதோ ஒரு காய்ந்த வயலில் அவரைக் குத்தவைத்து உட்கார வைத்தோம். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, சிரிக்காத மாப்ள, பிலிம் காலியாகுது" என்றார் புகைப்படக்காரர்.

முகம் சரியாக வந்தபோதும் படத்தில் ஏதோ குறைந்தது. நான்தான் சொன்னேன்: "ஒரு கையத் தூக்கித் தலையில வைங்க தம்பி."

அவர் எழுந்துவிட்டார். "அது மட்டும் வேணாம்ணே. தலையில கை வச்சு உக்காந்தா வீட்டுக்கு ஆகாது. எங்க ஆத்தா பாத்தா வெளக்கமாத்தத் தூக்கிரும்."

எங்கள் வீட்டிலும் அப்படி உட்கார்ந்தால் திட்டுவார்கள். தெரிந்துதான் சொன்னேன். "உங்களுக்கா கேக்குறோம்? ஊருக்குத்தான. இதப் பாத்துட்டுக் கலெக்டரே வருவாரு."

ஊருக்கு என்றதும் உட்கார்ந்து கையை வைத்தார். மூன்றாவது சொடுக்கில் படம் விழுந்தது. மோதிரத்தை மாட்டிக்கொண்டே, "எம் பேரு போடுவீங்களாண்ணே?" என்று கேட்டார். கட்டாயம் என்றேன்.

கலெக்டர் வரவில்லை. பெயரும் வரவில்லை. புகைப்படக்காரர் குறித்துக் கொடுத்திருந்த பெயரையும் ஊரையும் அடித்துவிட்டு, "காய்ந்த வயலில் கவலையுடன் விவசாயி" என்று எழுதியவன் நான். பெயர் போட்டால் அது ஒருவருடைய கஷ்டம். பெயர் இல்லாவிட்டால் விவசாயிகள் எல்லாருடைய கஷ்டமும் ஆகிவிடும் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எடிட்டிங் என்பதே இதுதான் என்று அன்று நாள் முழுக்க எனக்குப் பெருமை.

படம் கவலை உறைக்குப் போனது. அதன் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. மழை பொய்த்தாலும் அவர், மழை கொட்டினாலும் அவர். வெள்ளத்துக்குப் போடும்போது வெடித்த நிலம் தெரியாமல் இடுப்புக்குக் கீழே வெட்டினேன். தக்காளி விலை சரிந்தது, காட்டுப்பன்றி கடலையைத் தோண்டியது, வைகையில் தண்ணீர் திறக்கவில்லை, திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று எல்லாவற்றுக்கும் அதே கை, அதே தலை. ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில் ஒற்றைத் தலைவலிக்குக்கூட ஒரு தடவை போட்டோம். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு எழுதியிருந்தால் அந்தக் கடிதமும் என் மேஜைக்குத்தான் வந்திருக்கும். என் காலடியில் குப்பைக்கூடை எதற்கு இருந்தது?

நான் ஓய்வு பெற்றேன். புகைப்படக்காரர் இறந்துபோனார். பிறகு பத்திரிகைக்கு இணையதளம் வந்தது. பீரோவில் இருந்த உறைகளை எல்லாம் பிரித்து ஏற்றினார்கள். படம் அங்கிருந்து இறங்கி நடந்துவிட்டது. கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் எங்கள் நடைக் குழுவின் வாட்ஸப்பிலேயே வந்து விழுந்தது. பயிர் கருகியதால் உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயி என்று போட்டு, நான் பெயரை அடித்த இடத்தில் வேறு யாருடைய பெயரையோ எழுதி, வேறு மாவட்டத்தையும் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

பார்த்ததும் தெரிந்தது. மோதிரம் கிடந்த விரலில் வெயில் படாத வெள்ளை வளையம்கூடத் தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், "எந்தத் தகவலையும் சரிபார்த்த பிறகே பகிர வேண்டும்" என்று எழுதிப் போட்டேன். மறுநாள் காலை சேலைக்கடைக்காரர் சடைத்துக்கொண்டார். "ஒரு உசுரு போயிருக்கு, அதுக்கும் பாடம் எடுக்குறீகளே, ஒரு கும்புடு போட்டா கொறஞ்சா போவீக?"

கும்பிடும் போட்டேன். உயிரோடு இருக்கிற மனிதருக்கு.

போன தை மாதம் அந்த மனிதர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை பாதி நரைத்து, வெள்ளைச் சட்டையில் இருந்தார். கன்னம் நிரம்பியிருந்தது. கண்களை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். புகைப்படக்காரரின் மகனிடம் என் முகவரியை வாங்கியிருக்கிறார்.

"படம் எடுத்த அண்ணன் போய்ச் சேந்துட்டாராம். இனி நீங்க ஒருத்தருதேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

மல்லிகையில் அவர் பெரிய ஆள் ஆகியிருந்தார். எப்போது கவாத்து வெட்டுவது, மொட்டில் புழு விழுந்தால் என்ன செய்வது என்று கேட்க அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மருமகன் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். கைபேசியை என்னிடம் நீட்டினார். அவர் கத்தரிக்கோலோடு செடியருகே நின்று பேசுகிறார், கீழே அந்தப் பழைய படத்தைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இவர் செத்துப் போனவர் இல்லையா? எந்தக் கட்சிக்கு நடித்தார்? ஒருவர் ஆழ்ந்த இரங்கலும் தெரிவித்துவிட்டு, அதற்குக் கீழேயே உரம் எவ்வளவு போடுவது என்றும் கேட்டிருந்தார்.

"இதெல்லாங்கூடக் கழுதைன்னு விட்ருவேண்ணே. இதப் பாருங்க" என்று அடுத்த படத்தைத் தள்ளினார்.

அது ஒரு சுவரொட்டி. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் வியாபாரிகளோடு விலை பேச, பூ விவசாயிகள் சங்கத்துக்குப் புதிதாக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். பல ஊர்க்காரர்கள் இவரைத்தான் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். எதிரே நிற்பவர், சந்தையில் பூவை விற்றுக் கொடுக்கும் ஒரு கமிஷன் கடைக்காரரின் மைத்துனர். அந்தத் தரப்பு நாங்கள் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, "தலையில் கை வைத்து நடித்தவரா நம் தலைவர்?" என்று போட்டு ஊர் ஊராக ஒட்டியிருக்கிறது. காதுகுத்துக்கும் சுவரொட்டி அடிக்கிற ஊரில் இதற்கு அடிக்காமல் விடுவார்களா? மேடையில் அச்சுக்காகப் புலம்பிய நான் அந்தச் சுவர்களை வந்து பார்த்திருக்க வேண்டும். தலைப்பு நன்றாக இருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். இதை எழுதவே கூசுகிறது.

"நடிச்சியான்னு கேட்டா நான் என்னண்ணே சொல்றது? நடிச்சதென்னமோ நெசந்தான. இல்லைன்னு பொய்யி சொல்ல மாட்டேன். நீங்க ஒரு எட்டு கூட்டத்துக்கு வந்து, 'நாந்தேன் கைய வைக்கச் சொன்னேன், ஊருக்குன்னு சொல்லித்தேன் வச்சாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அம்புட்டுத்தேன்."

"எப்பத் தம்பி கூட்டம்?"

"வர்ற ஞாயித்துக்கெழமைண்ணே. நானே கார் கொண்டு வாரேன்."

முழங்கால் வலி, பார்க்கலாம் என்றேன். முழங்கால் வலி உண்மைதான். அன்றைக்கு வலிக்கவில்லை. அங்கே ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது கைபேசி இருக்கும். நான் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் அது எங்கள் குழுவுக்கு வந்துவிடும். சேலைக்கடைக்காரர் அதைப் பார்ப்பார். பொன்னாடை போர்த்திய கல்லூரிக்காரர்களும் பார்ப்பார்கள். என் பயம் அவ்வளவுதான். அவருக்கு ஊர் நம்பிக்கை போகப் போகிறது. எனக்கு ஒரு சிமெண்ட் பெஞ்சு.

அவர் போனதும், ஏதாவது செய்ததாக இருக்கட்டும் என்று பழைய ஆபீஸுக்குப் போன் செய்து, இணையதளத்திலிருந்து அந்தப் படத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன். பொறுப்பில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார்.

"அந்தப் படம்தான் சார் நல்லா ஓடுது. விவசாயின்னு எதப் போட்டாலும் அது இருந்தாத்தான் தொறக்குறாங்க. கீழ கோப்புப் படம்னு போட்டிருக்கோமே சார்."

"ஏம்மா, இப்பல்லாம் திருத்துறது யாரு?"

"முதல்ல ஏத்திருவோம் சார். தப்புன்னா வாசகர்கள் கமெண்ட்ல திட்டுவாங்கல்ல, பாத்துத் திருத்திக்குவோம்."

"யாரும் திட்டலைன்னா?"

"அப்ப சரியா இருக்குன்னு அர்த்தம் சார்."

சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. இவர்கள் திட்டையாவது படிக்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து படித்துப் படித்து, வெட்டி ஒட்டி, யாரும் திட்ட முடியாதபடி பொய்யை வழவழவென்று ஆக்கி அனுப்பினோம்.

கடைசியாக அந்தப் பெண், "எடுக்கணும்னா காரணம் வேணும் சார். படம் எப்படி எடுத்தோம்னு நீங்க எழுதிக் குடுங்க, இன்னைக்கே எடுத்துர்றேன்" என்றார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நேரில் வர இயலவில்லை, கூட்டத்தில் படிக்க ஒரு கடிதம் தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "உங்க எழுத்துன்னா இன்னும் நல்லதுண்ணே" என்றார். முதலில் நேராகத்தான் எழுதினேன்: கையை வைக்கச் சொன்னது நான். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது கரடுமுரடாகத் தெரிந்தது. பத்திரிகைக் குழு கேட்டுக்கொண்டது என்று மாற்றினேன். இறந்துபோன புகைப்படக்காரரையும் இதில் இழுப்பதாக ஆகுமே என்று அதையும் அடித்தேன். கடைசியில் கடிதம் இப்படி நின்றது: "மேற்படி படம் அக்கால ஊடக நடைமுறைகளுக்கு உட்பட்டு, விவசாயிகளின் துயரத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் நோக்கில் எடுக்கப்பட்டதாகும். இதில் எவருக்கும் உள்நோக்கம் இல்லை." முப்பது வருடம் அடுத்தவர் எழுத்தை வெட்டியவன், என்னையே ஒரு தழும்பு தெரியாமல் வெட்டி எடுத்துவிட்டேன். அவருடைய மருமகன் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நடந்ததை அவரே சொன்னார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கடிதத்தை மைக்கில் வாசித்திருக்கிறார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அதெல்லாஞ் சரி, கைய யாரு வைக்கச் சொன்னா?" என்று கேட்டிருக்கிறார்.

"வாத்தியாரு தாளத் திருப்பிப் பின்னாடி பாத்தாருண்ணே. பின்னாடி ஒண்ணும் எழுதலை."

பிறகு இன்னொருவர் எழுந்து, "பத்திரிகைக்காரரே நடைமுறைங்குறாரு. அப்ப நம்ம பூக்கார மாமா நடிக்கிறதுக்குன்னே போய்வந்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். தலைவர் யார் என்று கை தூக்கச் சொன்னபோது கமிஷன் கடைக்காரரின் மைத்துனருக்கு அதிகம் கைகள் எழுந்தன.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "பரவால்லண்ணே. நீங்க நல்லாத்தேன் எழுதியிருந்தீக. எங்களுக்குத்தேன் வெளங்கல."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. அந்த மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சாப்பிட்டேன், தூங்கினேன். சாயங்காலம் எழுந்து, முதலில் எழுதிய அந்த ஒரு வரியை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். சொன்னபடி அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டார். அவர்களுடைய தளத்தில் இப்போது இல்லை. மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது.

அடுத்த வாரம் அவருடைய தோட்டத்துக்குப் பஸ் பிடித்துப் போனேன். முழங்கால் உண்மையாகவே வலித்தது. வெயில் ஏறவில்லை. பெண்கள் வரிசையாக நின்று மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் இடுப்பில் துணியைக் கட்டி, பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க போன எடுங்க தம்பி. நான் சொல்றேன், நீங்க எடுத்து உங்க சேனல்ல போடுங்க" என்றேன். பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இப்ப எதுக்குண்ணே?" அவர் கை நிற்கவில்லை. "வெயிலு வந்தா மொட்டு விரிஞ்சிரும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?"

பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். "யாருண்ணே இது? கையத் தூக்கி வைக்கச் சொன்ன பெருசா?"

"ஆமாத்தா. இவருதேன்."

"அன்னைக்கு வாரதுக்கு முடியல, பூப்பறிக்க மட்டும் வந்துட்டாராக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் வரப்பில் நின்றபடியே, சத்தமாக, கையை வைக்கச் சொன்னது நான்தான், அவர் மாட்டேன் என்றார், ஊருக்கு நல்லது என்று நான்தான் ஏமாற்றினேன், பெயரைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடித்ததும் நான்தான் என்று சொன்னேன். ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. ஒரு பெண், "அத அன்னைக்குச் சொல்லியிருக்கணும் சாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

இனிமேல் சந்தையில் விலை பேசப் போகிறவர் கமிஷன் கடைக்காரரின் மைத்துனர். இந்த ஏழெட்டுப் பெண்களின் கூலியும் அந்த விலையில்தான் இருக்கிறது. அவர்கள் என்னைத் திட்டாமல் சிரித்ததோடு விட்டது பெரிய காரியம்.

கூடைகளை மொபெட்டில் கட்டும்போது அவரிடம், அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டேன். மூன்று வருடம் கழித்து என்றார்.

"கட்டாயம் வாரேன் தம்பி. எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"இருந்தா வாங்கண்ணே" என்றார்.